வால்பேப்பரில் மாட்டிய மீசை

யாரோ ஒரு பெண் காணொளியில் சிரித்துக்கொண்டே செய்கிற வேலையை நாமும் செய்துவிடலாம் என்று நினைப்பது ஒரு வியாதி. எனக்கு அது முற்றிப்போயிருந்தது. அந்தப் பெண் வால்பேப்பரின் முதுகுத் தாளை ஒரு கையால் உரித்து, மறு கையால் சுவரில் தடவினாள். சுவர் சமர்த்தாக வாங்கிக்கொண்டது. பின்னணியில் புல்லாங்குழல் வேறு. ‘இவ்வளவுதானா?’ என்று நான் படுக்கையில் சாய்ந்தபடியே செங்கல் சுவர் மாதிரி அச்சடித்த சுருள்களுக்கு ஆர்டர் போட்டுவிட்டேன்.

எங்கள் வீடு சிங்கப்பூரில், மார்சிலிங் வட்டாரத்தில், வாடகை வீடு. ‘பெயின்ட் பக்கமே போகாதீங்க’ என்று வீட்டுக்காரர் முதல் நாளே சொல்லிவிட்டார். அதனால்தான் உரித்தால் வந்துவிடுகிற வால்பேப்பர். வாசலை ஒட்டி, கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற சுவர் ஒன்று உண்டு. அதை ஒட்டித்தான் எங்கள் சாமி மேசை. என் மனைவி ஷர்மிளா காலையும் மாலையும் நல்லெண்ணெய் விளக்கு ஏற்றி ஏற்றி, மேலே கரி, கீழே எண்ணெய்ப் பிசுக்கு. இடையில் திருநீறு தொட்ட விரல்களைத் துடைத்த தடங்கள். (அவை என் விரல்கள்தான். துண்டு தூரத்தில் இருந்தது, என்ன செய்ய?)

இத்தனை நாள் அந்தச் சுவர் யாரையும் உறுத்தவில்லை. திடீரென்று உறுத்தக் காரணம், மாமனார் வருகிறார்.

என் மாமனார் இங்கேயே தஞ்சோங் பகாரில் பிறந்து வளர்ந்தவர். அதைப் பேச்சுக்குப் பேச்சு சொல்வார். நானோ திண்டுக்கல்லிலிருந்து வேலைக்கு வந்து, கூட வேலை பார்த்த அவருடைய ஒரே மகளைக் காதலித்துக் கட்டிக்கொண்டவன். “இங்கயே இத்தனை பையனுங்க இருக்கானுங்க, ஊர்லேருந்து ஒருத்தன் வரணுமா?” என்பது அவருடைய கேள்வி. கல்யாணத்துக்கு வந்தார். புகைப்படத்தில் பாலிகிளினிக்கில் டாக்டரைப் பார்க்க நம்பருக்குக் காத்திருப்பவர் மாதிரி நின்றார். அதன் பிறகு என்னோடு நேராக ஒரு வார்த்தை கிடையாது. ஒரே மேசையில் எதிரே உட்கார்ந்திருந்தாலும், “அவருக்கு ரசம் வேணுமான்னு கேளும்மா” என்பார். நானும் “வேணும்னு சொல்லு” என்பேன். ஷர்மிளா மொழிபெயர்ப்பாளர் மாதிரி நடுவில் உட்கார்ந்திருப்பாள். எங்கள் வீட்டுக்கு அவர் வந்ததே இல்லை.

இப்போது ஷர்மிளாவுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பைப் பற்றிப் பேச ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருவதாக மாமியார் எப்படியோ அவரைச் சம்மதிக்க வைத்திருந்தார். “அப்பா வந்து நம்ம வீட்ல உக்காந்து பேசி, அவர் கையால நடத்துனாதான் வளைகாப்பு. இல்லைன்னா எனக்கு வேணாம்லா” என்றாள் ஷர்மிளா. சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. அந்த உணர்ச்சி வேகத்தில்தான், கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த சுருள்கள் என் நினைவுக்கு வந்தன.

சனிக்கிழமை சாயங்காலம் ஷர்மிளா விளக்கேற்றிவிட்டு, தோழியோடு தேக்கா கடைத்தெருவுக்குப் போனாள். அவள் திரும்புவதற்குள் அசத்திவிட வேண்டும். விளக்கு அணையாமல் சாமி மேசையை அங்குலம் அங்குலமாக ஹாலின் மறு மூலைக்கு நகர்த்தினேன். பிறகு வால்பேப்பரோடு வந்த குறிப்பைப் படித்தேன். முதல் வரியே, ‘சோப்புத் தண்ணீரால் சுவரை நன்றாகத் துடைத்துக் காயவிடவும்.’

வாளியில் தண்ணீர் பிடித்துவிட்டேன். அப்போதுதான் விளக்கு கண்ணில் பட்டது. எங்கள் வீட்டில் விளக்கு வைத்த பிறகு துடைப்பத்தையே தொட விடமாட்டார்கள். சந்தேகம் வந்தால் ஊரில் இருக்கும் அம்மாவைப் போனில் கூப்பிடுவதுதான் வழக்கம். கூப்பிட்டேன்.

“விளக்கு எரியறப்போ சுவத்தைக் கழுவுறியா? ஏன்டா, மகாலட்சுமியைத் தண்ணி தெளிச்சு வெளிய அனுப்பறியா? அதுவும் புள்ளத்தாச்சி இருக்குற வீட்ல!”

“சரிம்மா, கழுவல. ஒட்டலாமா?”

அம்மா கொஞ்சம் யோசித்தாள். “ஒட்டுறதுல ஒண்ணும் தப்பில்ல” என்று தீர்ப்பு சொன்னாள்.

தண்ணீரைக் கொட்டிவிட்டேன். எண்ணெய்ச் சுவரில் அப்படியே ஒட்டினேன். முதல் பட்டை மேலிருந்து கீழாக அழகாகச் சுருண்டு என் காலடியில் வந்து விழுந்தது. தோசை இப்படிக் கல்லைவிட்டு எழுந்து வந்தால் என் அம்மா பூரித்துப் போயிருப்பாள். இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவது என் தலைமேல் விழுந்தது.

வேறு யாராக இருந்தாலும் இங்கே நிறுத்தியிருப்பார்கள். நான் படித்தவன் அல்லவா? கண்ணாடி மாட்டுவதற்காக ஜாலான் புசாரில் ஒரு சாமான் கடையில் வாங்கிய இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப் ஞாபகம் வந்தது. “இது போட்டா டிவியே தொங்கும்லா” என்று சொல்லித்தான் கடைக்காரர் கொடுத்திருந்தார். டேப் சுருள் முழுவதையும் வால்பேப்பரின் முதுகில் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, சுவரில் வைத்துச் சப்பாத்திக் கட்டையால் உருட்டினேன். நின்றது! செங்கல்கள் மட்டும் வலது பக்கமாக இறங்கிக்கொண்டே போயின. திரும்பி வந்த ஷர்மிளா தலையைச் சாய்த்து வெகுநேரம் பார்த்தாள்.

“நல்லாதான் இருக்கு. ஆனா வீடு ஏன் சரியுது?” என்றாள்.

மறுநாள் மத்தியானம் மாமனாரும் மாமியாரும் வந்தார்கள். மாமனாரின் மீசையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அவருக்குக் கல்யாணமானதிலிருந்து ஒருநாளும் எடுக்காத மீசை. மை பூசி, நுனியை முறுக்கி, அவருக்கு முன்னால் அதுதான் வீட்டுக்குள் வரும். அவர் வாசலில் நின்று சுவரை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏம்மா, இன்னும் பூச்சு வேலையே முடியலியே, அதுக்குள்ள குடி வந்துட்டீங்களா?” என்று மகளிடம் கேட்டார்.

மாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டார். நான் பதில் யோசிப்பதற்குள் காதுக்குப் பக்கத்தில் ‘சர்ர்’ என்று ஒரு சத்தம். மேல் மூலை கழன்றுகொண்டிருந்தது. சட்டென்று போய் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

“உக்காருங்க தம்பி” என்றார் மாமியார்.

“பரவால்ல அத்தை, எனக்கு நின்னு பேசுறதுதான் பிடிக்கும்.”

இப்படி ஒரு பதிலைச் சொந்த புத்தியுள்ளவன் சொல்வானா? சொன்னேன். வளைகாப்புப் பேச்சு ஆரம்பித்தது. மாமனார் சோபாவில் இருந்து அண்ணாந்து பேச, நான் சுவரில் சாய்ந்தபடி ஜமீன்தார் மாதிரி “ம்… ம்…” என்று தலையாட்டினேன். முதுகில் செங்கல் வழுக்கிக்கொண்டிருந்தது. ஷர்மிளா கண்ணாலேயே என்னைத் திட்டினாள். நான் கண்ணாலேயே சுவரைக் காட்டினேன். அவளுக்குப் புரியவில்லை. மாமனாருக்கு வேறு மாதிரி புரிந்துவிட்டது.

“பெரியவங்க வந்திருக்கோம், சரிசமமா உக்காந்து பேசக்கூட மனசு வரலை. நாம கிளம்பலாம்” என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு எழுந்தார்.

“அப்பா!” என்றாள் ஷர்மிளா. அந்தக் குரல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. எனக்கு வால்பேப்பராவது மண்ணாங்கட்டியாவது என்று ஆகிவிட்டது. அவரைத் தடுக்கச் சுவரைவிட்டு ஓடிவந்தேன். அவர் என்னைத் தாண்டி வாசலுக்குப் போய், செருப்பு மாட்ட ஒரு காலைத் தூக்கி, நிலைகொள்வதற்காகச் சுவரில் கை வைத்தார்.

மொத்தச் சுவரும் வந்தது. மேலிருந்து கீழ்வரை, ஒரே விரிப்பாக, அவர் தலையைப் போர்த்திக்கொண்டு இறங்கியது. எண்ணெய்ச் சுவரில் ஒட்டாத டேப், டிவியைத் தாங்கும் அந்த டேப், மாமனார் முகத்தில் மட்டும் அற்புதமாக ஒட்டியது. வாசலில் ஒரு செங்கல் தூண் ஒற்றைக் காலில் நின்று, “ம்ம்! ம்ம்!” என்றது. நான் பாய்ந்து போய் ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். உள்ளேயிருந்து ஓர் அலறல்.

“மாப்பிள்ளை! இழுக்காதீங்க மாப்பிள்ளை! மீசை வருது!”

அவர் என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் அப்படியே முனையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். ஷர்மிளா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அழுதாள். மறுபடி சிரித்தாள்.

மாமியார் சாமி மேசையிலிருந்து நல்லெண்ணெய் பாட்டிலை எடுத்து வந்தார். நான் பஞ்சில் நனைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவ, அவர் கண்ணை மூடிக்கொண்டு, “மெதுவா மாப்பிள்ளை… இடது பக்கம் மாப்பிள்ளை” என்று வழிகாட்டினார். நான் சுவரைக் கழுவாத கதையையும், முதுகால் முட்டுக்கொடுத்த கதையையும் அப்போதே சொல்லிவிட்டேன். கடைசியில் முகம் வந்தது. அதோடு மீசையில் ஒரு பாதி மட்டும்தான் வந்தது, மறுபாதி டேப்பிலேயே தங்கிவிட்டது. வந்த பாதியைக் குளியலறையில் என் ரேசரால் அவரே எடுத்துவிட்டு வெளியே வந்தார்.

மாமியார் அவரை வெகுநேரம் பார்த்தார். “என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ இப்படித்தான் இருந்தீங்க” என்றார்.

மாமனாருக்கு வெட்கம் வந்துவிட்டது. போய் சோபாவில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைத் தட்டினார். “உக்காருங்க மாப்பிள்ளை. இனிமேதான் தாங்குறதுக்கு ஒண்ணும் இல்லையே.”

அடுத்த ஞாயிறு அவரே வாளியும் சோப்பும் கொண்டுவந்தார், விளக்கேற்றுவதற்கு முன்னால். இருவருமாகக் கழுவி, காயவைத்து, புது வால்பேப்பர் ஒட்டினோம். அதுவும் செங்கல்தான், இந்த முறை சாயவில்லை. வளைகாப்புப் படங்களில் மீசையில்லாமல் நிற்பவர் யார் என்று அவருடைய நண்பர்களே கேட்டார்களாம். “மாப்பிள்ளை எடுத்துட்டாரு” என்பதுதான் எல்லாருக்கும் அவர் சொன்ன பதில். அதன் பிறகு அவர் மீசை வைக்கவில்லை.

போன வாரம் என் மகள் எங்கள் கல்யாணப் படத்தைப் பார்த்துவிட்டு, “தாத்தா, மீசை எங்க?” என்று கேட்டாள். “உங்கப்பா அந்தச் செங்கலுக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சிருக்காரு” என்றார் மாமனார். அவள் ஓடிப்போய் நகத்தால் சுரண்டித் தேடியதில் ஒரு மூலை எழுந்துகொண்டது. நான் அலமாரியைத் திறந்து டேப்பை எடுத்தேன். சோபாவில் இருந்த மாமனார் மேலுதட்டைக் கையால் பொத்திக்கொண்டார்.