ஜப்பானும் எள்ளுப் பீன்ஸும்

வெந்துபோன முட்டைக்கோஸுக்கு நியாயம் கேட்டுக் கல்யாண வீட்டில் அடி வாங்கப் போன மனிதன் உலகத்திலேயே ஒருவன்தான். அவனோடு ஒரே ரூமில் குடியிருக்கும் கொடுமை எனக்கு வாய்த்தது.

எண்பதுகளின் கடைசி. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் அவன் ஃபிட்டர், நான் டைம் ஆபீஸ் கிளார்க். புது மெஷினைப் பழகிவரச் சொல்லி அவனை மில்லிலிருந்து ஜப்பானுக்கு அனுப்பினார்கள். மெஷினை மட்டும் பழகிக்கொண்டு வந்திருக்கலாம். தங்கியிருந்த வீட்டம்மாவிடம் ஒரு பீன்ஸ் கறியையும் பழகிக்கொண்டு வந்துவிட்டான். அன்றிலிருந்து அவன் பேர் ஜப்பான். அம்மா அப்பா வைத்த பேர் சம்பள நாளில் மட்டும் வெளியே வரும்.

அந்தக் கறியைச் சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள். கொதிக்கிற தண்ணீரில் பீன்ஸைப் போடுவான். போட்டானா இல்லையா என்று நாம் யோசிப்பதற்குள் எடுத்துப் பச்சைத்தண்ணீரில் முக்குவான். வறுத்த எள்ளை ஒன்றிரண்டாகத் தட்டி, கொஞ்சம் சீனியும் சோயா சாஸும் விட்டு, அதில் பீன்ஸைப் புரட்டுவான். முடிந்தது. கடுகு கிடையாது, கறிவேப்பிலை கிடையாது, தேங்காய் கிடையாது. இதை மனுசனுக்குப் போடலாமா?

"இதுக்குப் பேரு கோமாஏ" என்றான் முதல் நாள்.

"என்னது, கூமாப்பட்டியா?"

"ஏலே, ஜப்பான்ல எள்ளுக்கு கோமாம்பாங்க. கடிச்சுப் பாரு. சத்தம் வரணும்."

சத்தம் வந்தது. பல்லிலிருந்தா பீன்ஸிலிருந்தா என்பதுதான் தெரியவில்லை.

கொண்டுவந்த சோயா சாஸ் பாட்டிலைக் கண்ணுக்கு விடும் மருந்து மாதிரி சொட்டுச் சொட்டாக விட்டான். அதுவும் ஒருநாள் தீர்ந்தது. அதற்குப் பதிலாக உப்புப் போடச் சொன்னேன். "அது கலப்படம்" என்றான். அதற்கப்புறம் உப்பும் இல்லாத பீன்ஸ். வாரம் முழுவதும்.

என்னைப் படுத்தியது போதாதென்று ஊரையும் படுத்தினான். மில் மேஸ்திரி வீட்டுக் கல்யாணப் பந்தியில் பாதியில் எழுந்து அடுப்படிக்கே போய்விட்டான். "ஏன்வே, இந்த முட்டைக்கோஸ் உமக்கு என்ன துரோகம் செஞ்சது? இம்புட்டு நேரமா வேக வப்பீரு?" என்று தலைமைச் சமையல்காரரைக் கேட்டான். அவர் கையில் இருந்த கரண்டி சாதாரணக் கரண்டி இல்லை. அண்டா கிண்டுகிற கரண்டி. நான் குறுக்கே விழுந்து இழுத்து வந்தேன். பாயசம் போச்சு.

இந்த ஆளுக்கும் பெண் பார்த்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர், மடவார் வளாகம். அவனுக்கு அப்பா அம்மா இல்லாததால் துணைக்கு நான்தான். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் அவன் மடியில் தூக்குவாளியைப் பார்த்தேன்.

"என்னலே இது?"

"பீன்ஸ். நாளைக்கு அந்தப் பிள்ளை ஏமாந்துட்டேன்னு சொல்லக்கூடாதுல்ல?"

பஸ்ஸிலிருந்து குதித்திருப்பேன். ஜன்னல் சின்னது.

பெண்ணின் தாய்மாமா ஆசையாகத் தூக்குவாளியைத் திறந்தார். இனிப்பு என்று நினைத்திருப்பார். அவர் முகம் கறுத்தது.

"எள்ளு! நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல எள்ளைக் கொண்டாந்து வைக்கீரே, இங்க ஆருக்குத் திவசம்?"

"எள்ளுருண்டை திங்கீகள்ல? நல்லெண்ணெய ஊத்தி இட்லி திங்கீகள்ல? பீன்ஸ்ல போட்டா மட்டும் சாவு விழுந்துருமா?" என்று எழுந்துவிட்டான் ஜப்பான்.

"வெளிய போங்க ரெண்டு பேரும்!"

என்னை எதற்கு? நான் என்ன செய்தேன்? அந்தக் கேள்விக்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

அப்போது பெண் கோமதி, கூப்பிடாமலே உள்ளேயிருந்து வந்தாள். ஒரு பீன்ஸை எடுத்துக் கடித்தாள். கூடம் முழுக்கக் கேட்டது.

"உப்பு இல்ல" என்றாள்.

"சோயா சாஸ் தீந்துபோச்சு" என்றான் ஜப்பான், தலையைக் குனிந்துகொண்டு. அவன் குரல் இறங்கி அன்றுதான் கேட்டேன்.

"அது தீந்தா உப்புப் போடக்கூடாதுன்னு ஜப்பான்ல சட்டமா?"

தூக்குவாளியோடு உள்ளே போனாள். செத்த நேரத்தில் எண்ணெயில் கடுகு வெடித்தது.

"ஐயையோ, தாளிக்கா! ஏலே, தாளிக்காலே!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு துடித்தான்.

தட்டு வந்தது. முறைத்துக்கொண்டே ஒரு வாய் வைத்தான். இன்னொரு வாய். "அநியாயம்" என்றான். தட்டு காலியானது.

"இந்தக் கிறுக்கன் வேண்டாம்த்தா" என்றார் மாமா.

"பொய் சொல்லத் தெரியாத கிறுக்கு மாமா. நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் கோமதி.

பார்த்துக்கொண்டாள். கல்யாணம் முடிந்து பக்கத்துத் தெருவிலேயே வீடு எடுத்தார்கள். விட்டது சனி என்று நான் மெஸ்ஸில் கணக்கு வைத்தேன். விட்டானா? ஞாயிற்றுக்கிழமைதோறும் சைக்கிளில் வந்து, தெருவே திரும்பிப் பார்க்க என் ஜன்னலுக்குக் கீழே நின்று கத்துவான்: "எலை போட்டாச்சு, வாலே!" வயிறு சரியில்லை என்பேன், தலைவலி என்பேன். இழுத்துக்கொண்டுதான் போவான்.

ஒரு ஞாயிறு மதியம் அவன் வரவில்லை. ஜன்னலிலேயே நின்றேன். மணி ஒன்றைத் தாண்டியது. எனக்கு வந்த ஆத்திரத்தில், சட்டையை மாட்டிக்கொண்டு நானே போய் அவன் வீட்டுக் கதவைத் தட்டினேன்.