மண் தின்னாத ஜட்டி

கெரிட் வோஸ்கைல் மண்ணை உதறி உயர்த்திப் பிடித்துப் பார்த்தான். ஜட்டி முழுசாக இருந்தது. இப்போதுதான் பாக்கெட்டைப் பிரித்தது மாதிரி, மடிப்புகூடக் கலையாமல்.

எங்கள் அயோவாப் பக்கம் மண்ணுக்கு நாடி பார்ப்பது இப்படித்தான். பருத்தி ஜட்டி ஒன்றை வயலில் புதைத்து, இரண்டு மாதம் கழித்துத் தோண்டுவார்கள். மண்ணில் புழு, பூச்சி, பூஞ்சை எல்லாம் தெம்பாக இருந்தால் துணியைத் தின்று ஏப்பம் விட்டிருக்கும். இடுப்பு எலாஸ்டிக் மட்டும் மிஞ்சும். துணி அப்படியே இருந்தால் அது செத்த மண்.

கெரிட் பல வருடமாக உழாமலே விதைக்கிறவன். "கலப்பை படாத மண்ணுலதான்யா உயிர் இருக்கும்" என்று சர்ச்சில் அவன் பிடித்துக்கொண்டால் கையில் இருக்கும் காபி ஆறிப் பனிக்கட்டி ஆகிவிடும். பாதிரியாரே ஜன்னல் வழியாகக் குதித்திருக்கிறார். அவன் குத்தகைக்கு எடுத்திருந்தது மிசஸ் யான்ஸ்மாவின் நிலத்தில் பாதி. மறு பாதி வெர்லினிடம். அவன் பூமியோடு பங்காளித் தகராறு இருப்பது போல உழுகிறவன்.

"எந்தப் பாதி ஜட்டியை நல்லாத் தின்னுதோ, அவனுக்கே மொத்த நிலமும்" என்று கிழவி சொல்லிவிட்டாள். நாளைக்கு வயல் விழா. ஆராய்ச்சி நிலையத்து ஜனீன் ஊர் பார்க்கத் தோண்டப் போகிறாள். நிலம் போனால் கெரிட்டுக்கு மிஞ்சுவது வீட்டுப் பின்னால் இருக்கும் தக்காளித் தோட்டம்தான்.

கெரிட் லாரியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, ஜட்டியில் அங்கங்கே ஓட்டை போட்டான். தள்ளி நின்று பார்த்தான். காகிதப் பூ வெட்டிய மாதிரி இருந்தது.

"எந்தப் புழுடா இவ்வளவு ஒழுங்கா வட்டம் போடும்?" என்று தன்னையே திட்டிக்கொண்டு, நாயைக் கூப்பிட்டான். "ரஸ்டி! இந்தா, கடி!"

மற்ற நாளெல்லாம் செருப்பைக் கடித்துக் குதறுகிற ரஸ்டி ஜட்டியை மரியாதையாக வாயில் கவ்வியது. அடுத்த நொடி சோளக்காட்டுக்குள் பாய்ந்து மறைந்தது.

"டேய்! டேய்! குடுத்துட்டுப் போடா!"

நாயும் இல்லை, ஜட்டியும் இல்லை. வேறு வழியில்லாமல் சோளக்காட்டுக்குள் ஒதுங்கி, குழியில் புதைக்கப் போட்டிருந்ததையே கழற்றினான். அது மண்ணுக்குப் போகாமலே கந்தலாகியிருந்தது. ஆனால் தின்றது யார் என்று கேட்டால் கைகாட்ட நாலு புழுவாவது வேண்டுமே?

தூண்டில் கடை லைல் கையை விரித்தான். "நல்ல புழு தீர்ந்துபோச்சு கெரிட். பச்சைதான் இருக்கு."

"அது என்னய்யா பச்சை?"

"மீன் கண்ணுல படணும்னு சாயம் ஏத்தினது. ஜோரா மின்னும்."

"மண்ணுக்குள்ள எவன் கலர் பார்க்கப் போறான்? குடு."

மறுநாள் ஊரே பன்றிக்கறி பன்னும் காபியுமாகக் கூடி நின்றது. வெர்லினின் ஜட்டி முதலில் வந்தது, பாதி அரித்திருந்தது. "பரவாயில்லையே" என்றாள் கிழவி.

கெரிட்டின் குழியில் ஜனீன் மண்வெட்டியை வைத்தாள். கந்தல் வெளியே வந்தது. கூடவே, கிளிப்பச்சை நிறத்தில் தளதளவென்று ஒரு கொத்துப் புழு.

ஜனீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். "கெரிட், நான் மண்புழுவுலதான் டாக்டர் பட்டம் வாங்கினேன். இந்த ஜாதியை எங்கயும் பார்த்ததில்லையே?"

"உன் மண்ணு பயங்கர சத்துய்யா!" என்றான் வெர்லின். "புழுவே பச்சை பிடிச்சிருக்கு பாரு!"

"அட, நம்ம கடைச் சரக்கு!" என்று கூட்டத்தின் பின்னாலிருந்து லைல் பெருமையாகக் கத்தினான்.

கெரிட் வாயைத் திறப்பதற்குள் ரஸ்டி சோளக்காட்டிலிருந்து வாலை ஆட்டிக்கொண்டு வந்து, கவ்வியிருந்ததை மிசஸ் யான்ஸ்மாவின் காலடியில் வைத்தது. கிழவி கைத்தடியால் அதைத் தூக்கிப் பிடித்தாள். கத்தரிக்கோல் ஓட்டைகள் வழியாக வெயில் பளிச்சென்று அடித்தது.

"அப்போ இதுதான் அந்தக் குழியில கிடந்ததா கெரிட்?"

"ஆ... ஆமாம் மிசஸ் யான்ஸ்மா."

"உன் மண்ணு இதுல ஒரு நூலைக்கூடத் தொடலையே! செத்த மண்ணு. அதை மறைக்கப் பொய் வேற." திரும்பி வெர்லினின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "நிலம் உனக்குத்தான்ப்பா." எங்கள் ஊரில் கை குலுக்கினால் முடிந்தது, பத்திரம் எழுதியதற்கு மேல்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் கெரிட் ஸ்டியரிங்கைக் குத்திக்கொண்டே வந்தான். "இத்தனை வருஷம் உழாம, கண்ணு மாதிரி காப்பாத்தின மண்ணு! ஒரு ஜட்டியைத் தின்ன வக்கில்லையே ஹென்னி, ஒரே ஒரு ஜட்டியை!"

பக்கத்தில் இருந்த மனைவி ஹென்னி, மிச்சப் பன்னைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "அதை ஏன் திட்டற? போன திங்கக்கிழமை நான் தோண்டிப் பார்த்தப்போ வெறும் எலாஸ்டிக்தான் கிடந்துச்சு. வோஸ்கைல் வீட்டுல நல்ல ஜட்டிகூட இல்லைன்னு சர்ச் பொம்பளைங்க சிரிப்பாங்களேன்னுதான் புதுசு ஒண்ணை மடிச்சு வச்சேன்."