மூணு கரண்ட் அண்ணாச்சி

தூத்துக்குடியில் எந்த ஒன்றையும் தனியாக நம்பாத ஒரே மனிதர் மூணு கரண்ட் அண்ணாச்சிதான். கடவுள் உட்பட. காலையில் மாதா கோயில், சாயங்காலம் பிள்ளையார் கோயில், வெள்ளிக்கிழமை தர்கா. ஒருவர் அசந்தால் இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்பது அவர் கணக்கு. வேட்டிக்கு மேல் பெல்ட் கட்டி, பெல்ட்டுக்கு மேல் ஒரு கயிறும் கட்டுவார்.

யுத்தம் முடிந்த சமயம். திரேஸ்புரம் துறையை ஒட்டிய கடற்கரை ஐஸ் கம்பெனியில் அவர் வயர்மேன். டவுன் கரண்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். அது போனால் ஆயில் எஞ்சின். எஞ்சினும் மக்கர் பண்ணினால், பட்டாளத்தார் விட்டுப்போன லாரி பேட்டரிகளின் வரிசை. மூன்றையும் பெரிய கைப்பிடி சுவிட்ச் ஒன்றில் கொண்டுவந்து சேர்த்திருந்தார். பேட்டரியால் ஐஸ் மிஷினை அசைக்க முடியாது. கூரைமேல் இருந்த விளக்கை மங்கலாக எரிக்கத்தான் முடியும். அதற்கே மீசையை முறுக்குவார்.

ஒரே ஒரு குறை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது விளக்கு ஒரு கணம் அணைந்து எரியும். மானேஜர் இதைச் சொல்லிக் காட்டினால் அண்ணாச்சிக்கு முகம் கறுத்துவிடும்.

"ரெண்டு கரண்ட்டும் ஒரே நேரத்துல உள்ள வந்தா சக்களத்தி சண்டைதான் சார், வீடே பத்திக்கிடும். ஒருத்தி வெளிய போன பொறவுதான் அடுத்தவளை விடணும்" என்பார். சொல்கிறவருக்குக் கல்யாணமே ஆகவில்லை.

அந்த ஒரு கணத்தை ஒழித்துக்கட்ட, சுவிட்சை மின்னல் வேகத்தில் இழுத்து இழுத்துப் பழகினார். அதிலேயே வலது தோள் இறங்கிப்போய், ஊருக்குள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தார்.

ஒரு ஐப்பசி சாயங்காலம் புயல்காற்று பிடித்துக்கொண்டது. கொழும்பிலிருந்து வந்துகொண்டிருந்த தோணியில் என் அண்ணன் இருந்தான். அம்மாவும் நானும் திரேஸ்புரம் கரையில் நனைந்தபடி நின்றோம். ஊர் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. ஐஸ் கம்பெனி எஞ்சினோ தண்ணீர் புகுந்து நாலு இருமல் இருமும், நிற்கும். அண்ணாச்சி பேட்டரிக்கு மாற்றுவார். பேட்டரி தீர்ந்துவிடக் கூடாதே என்று எஞ்சினைக் கிளப்பி மறுபடி அதற்கு மாற்றுவார். பூட்டிவிட்டுப் போகச் சொன்ன மானேஜரை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லையாம். விளக்கு அணையும்போதெல்லாம் அம்மா "மாதாவே" என்று என் கையை நசுக்கினாள்.

கடைசியில், பாய் கிழிந்த தோணி கரை சேர்ந்தது. அண்ணன் குதித்து வந்து நடந்ததைச் சொன்னான். கரையெல்லாம் ஆளுக்கொரு பெட்ரோமாக்ஸைத் தூக்கி நின்றதில், எது துறை என்றே தோணியில் யாருக்கும் புரியவில்லையாம். அப்போது ஒரு விளக்கு மட்டும் அணைந்து, மங்கலாக எரிந்து, மறுபடி அணைந்து, பளிச்சென்று எரிந்திருக்கிறது. தோணியைச் செலுத்தும் தண்டல் கத்தினாராம்:

"ஏலே, அண்ணாச்சி கரண்ட் மாத்துதாருலே. அங்கன திருப்பு."

நேரே ஐஸ் கம்பெனிக்கு ஓடினோம். தலை சொட்டச் சொட்ட, எண்ணெய்க் கரியோடு அண்ணாச்சி சுவிட்சைப் பிடித்தபடி நின்றார். அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். மனிதர் பூரித்துப்போவார் என்று பார்த்தால், முகம் தொங்கிவிட்டது.

"அணைஞ்சது கடல் வரைக்குமால தெரிஞ்சுது?" என்றார்.

அண்ணன் சொன்ன சமாதானம் எதுவும் எடுபடவில்லை. அம்மாதான் முந்தானையைப் பிழிந்து, அண்ணன் தலையைத் துவட்டிய கையோடு அவரையும் இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துத் துவட்டினாள். அவர் குழந்தை மாதிரி தலையைக் கொடுத்தார். என் கண்ணுக்கு அங்கே இரண்டு அண்ணன்கள் உட்கார்ந்திருந்தார்கள்.