ஹப்புக்கு வைத்த சந்தனம்

எதையும் எண்ணாமல் நான் செய்ததில்லை. என் வாழ்க்கையின் மிகப் பெரிய முட்டாள்தனத்தையும் எண்ணித்தான் செய்தேன். நான்கு கம்பி, எட்டு முனை, எட்டுப் பொட்டு.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் உத்திரமேரூரில் பத்திரம் எழுதும் ஆபீஸ் வைத்திருந்தேன். மூன்று கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், எல்லாக் கம்பிகளும் வந்து சேரும் ஹப் என்ற சின்னப் பெட்டி. ஆயுத பூஜையன்று கம்பிகளைப் பிடுங்கித் துடைத்து, முனைக்கு ஒன்றாகச் சந்தனம் வைத்துத் திரும்பச் செருகினேன். (பெட்டியின் மேல் வைத்தால் போதாதா என்று கேட்காதீர்கள். முழுமையாகச் செய்வது என் வியாதி.)

விடுமுறை முடிந்து வெள்ளிக்கிழமை. மாகறல் முனுசாமி, தன் பங்காளி ஏழுமலையின் நிலத்தை வாங்க வந்திருந்தார். நான்கு வருடம் இழுத்தடித்த ஏழுமலை அன்றுதான் மனமிறங்கிக் கூடவே வந்திருந்தார். பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் பத்திரம் பதிவு ஆபீசில் இருக்க வேண்டும்.

மணி ஒன்பது நாற்பது. முனுசாமி வாங்கி வந்த நான்கு முத்திரைத்தாளையும் பிரிண்டரில் வைத்தேன். டைப்பிஸ்ட் செல்வி பத்திரத்தை அனுப்பினாள். வரவில்லை.

"சார், ஹப்புல லைட்டே எரியல. கம்பியப் பாக்கட்டா?"

"சும்மா இரும்மா. கம்பியெல்லாம் நானே தொடச்சி வெச்சது. பத்திரத்த கேன்சல் பண்ணு. மொதல்ல டெஸ்ட் பேஜ் குடு."

கொடுத்தாள். வரவில்லை. மறுபடி கொடுக்கச் சொன்னேன். மொத்தம் பதினோரு முறை. நடுவில் பிரிண்டரை ஆறு தடவை அணைத்துப் போட்டேன்.

முனுசாமியின் மனைவி எட்டிப் பார்த்தார். "இன்னா சார், அது தூங்கிக்கினு கீதா?"

"இது கம்ப்யூட்டர் சமாச்சாரம்மா. உனக்குப் புரியாது" என்றேன். (எனக்குப் புரிந்ததுபோல.)

பத்து பதினெட்டுக்கு, செல்வி என்னைக் கேட்காமலே கம்பிகளைப் பிடுங்கி ஹேர்பின்னால் முனைகளைச் சுரண்டினாள். மஞ்சளாக உதிர்ந்தது. திரும்பச் செருகியதும் பச்சை விளக்கு எரிந்தது. பிரிண்டர் உறுமியது. நான் கைகூப்பினேன்.

நான்கு முத்திரைத்தாளும் வரிசையாக வெளியே வந்தன. நான்கிலும் டெஸ்ட் பேஜ். பதினொன்றில் மீதி ஏழும் தாள் கேட்டுச் சிவப்பு விளக்கில் காத்திருந்தன.

"இன்னா போட்டுகீது?" என்றார் ஏழுமலை.

செல்வி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "எல்லாம் நல்லபடியா கீது, வாழ்த்துகள்னு போட்டுகீது."

"அப்போ நெலம் என்கிட்டயே இருக்கட்டும்னு அதுவே சொல்லிட்ச்சி" என்று ஏழுமலை செருப்பை மாட்டினார். முனுசாமி பஸ் ஸ்டாண்டு வரை பின்னால் ஓடியும் பயனில்லை. ஏழுமலை கடைசிவரை அந்த நிலத்தை விற்கவில்லை. மாகறலிலிருந்து அப்புறம் ஒருவரும் என்னிடம் பத்திரம் எழுத வரவுமில்லை.

செல்வி அன்று மாலையே என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். இப்போது எனக்குக் காது மந்தம். மூன்று முறை கூப்பிட்டும் நான் திரும்பாவிட்டால், "செல்வியக் கூப்புடுங்க, இவரு காதுல சந்தனம் அடச்சிக்கினு கீது" என்பாள் மனைவி. போன மாதம் காது டாக்டரிடமும் இதையே சொன்னாள். விவரம் தெரியாத அந்த மனிதர் டார்ச் அடித்துத் தேடினார்.

இரண்டு காதிலும்.