அவர் உயரத்துக்கு வைத்த சீட்

அன்புள்ள லாசரஸ் அண்ணனுக்கு,

சேலையூரிலிருந்து தங்கை சரோஜினி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நான் சுகம், வலது முழங்கால் மட்டும் கொஞ்சம் சுகமில்லை. நீங்களும் ஜோசலின் அண்ணியும் பிள்ளை ஜெஃப்ரியும் நன்றாக இருக்க வேண்டும் என்றும், உங்கள் சுகர் இறங்க வேண்டும் என்றும் தினமும் ஜெபிக்கிறேன். ஊரப்பாக்கத்துக்கும் சேலையூருக்கும் நடுவில் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் திட்டி முடித்து, ஜெபமும் பண்ணி, ஆமென் சொல்லி வைத்துவிடுகிறீர்கள். ஆமெனுக்கு அப்புறம் நான் என்ன பேசுவது. ஆறாவதோடு நின்றவள் எழுத்து, தப்பு இருந்தால் அண்ணி திருத்திப் படித்துக் காட்டட்டும்.

முதலில் அந்தப் போட்டோ. சபை குரூப்பில் யாரோ போட்டு உங்கள் போனுக்கு வந்த போட்டோவில் இருப்பது நான்தான், மறுக்கவில்லை. என்னை இடுப்போடு சேர்த்துப் பிடித்திருக்கும் கோட்டு போட்ட பிள்ளையின் பெயர் குமரவேல். அவனுக்கு அடுத்த மாதம் கல்யாணம். என்னோடு இல்லை, பின்னால் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறதே நீளக் கவுன் போட்ட பெண், வினிதா, அதோடு. நான் போட்டிருக்கும் பேண்ட் தேவதர்ஷினி என்கிற பல் டாக்டர் அம்மாவுடையது. தலையில் இருப்பது நீங்கள் கேட்ட மாதிரி சட்டி இல்லை, உங்கள் மச்சானுடைய ஹெல்மெட், பெரிதாக இருந்ததால் உள்ளே துண்டு மடித்து வைத்தோம். நடந்தது சனிக்கிழமை, ஆகவே ஆராதனைக்கு ஒரு பங்கமும் இல்லை.

உங்களுக்குத் தெரியும், உங்கள் மச்சான் ரிட்டயர் ஆன கையோடு அந்த கியர் சைக்கிளை வாங்கி, சனிக்கிழமை சனிக்கிழமை சுகுமார் தம்பி கூட்டத்தோடு காடு மேடெல்லாம் போய் வந்தார். அப்படி ஊர் சுற்றினவர், ஒருநாள் எனக்கு டீ போட்டுத் தருகிறேன் என்று அடுப்படிக்குப் போனார், பால் பொங்கித் தீய்ந்த வாசனை வந்துதான் நான் போய்ப் பார்த்தேன். அதிலிருந்து சைக்கிள் ஹாலிலேயே நிற்கிறது. அதன் சீட் என் நெஞ்சு உயரம். அவர் எவ்வளவு நெட்டை, நான் எவ்வளவு குட்டை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கல்யாணப் போட்டோவில் என் காலுக்குக் கீழே செங்கல் வைத்தவரே நீங்கள்தான். தினமும் சீட்டைத் துடைப்பேன், பூனை ஏறிப் படுத்தால் விரட்டுவேன். அவர் உட்கார்ந்த இடத்தில் அவர் உயரம் மட்டுமாவது இருக்கட்டும் என்று நினைப்பு.

இப்படி இருக்கும்போது அவர் பிறந்தநாளுக்கு சுகுமாரும் தேவதர்ஷினியும் வீட்டுக்கு வந்தார்கள். அவர் நினைவாகக் காப்புக்காட்டில் ஒரு சுற்றுப் போகப் போகிறார்களாம். "ரொம்ப ஈஸியான வழிக்கா, சின்னப் பசங்களே ஓட்டும். எபி சார் சைக்கிளை நான் ஓட்டிட்டு வரேன்" என்றார் சுகுமார். அதில் யாரும் ஏறக் கூடாது என்றேன். "அப்ப நீங்களே ஓட்டுங்க ஆன்ட்டி" என்றார் தேவதர்ஷினி. அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார், அது எனக்கும் தெரியும், ஆனால் சரி என்று சொன்ன வாயை அப்புறம் மூட முடியவில்லை. அனகாபுத்தூரில் உங்கள் சைக்கிளை எடுத்து ஓட்டிக் கற்றுக்கொண்டவள்தானே நான். "சீட்டை இறக்கிடலாம்கா, இந்த லீவரைத் தட்டினா போதும்" என்று சுகுமார் கையை நீட்டினார். "அது மேல கைய வெச்சே, இன்னா நடக்கும்னு எனக்கே தெரியாது" என்றேன். கையை எடுத்துக்கொண்டார்.

இதில் ஒரு விஷயத்தை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை அண்ணா. சீட் அந்த உயரத்தில் இருந்தால் என் கால் தரைக்கு எட்டாது. ஏறுவதற்கு ரோட்டோரப் பாலத்தின் கட்டைச் சுவர் கிடைத்தது, ஏறிவிட்டேன். பெடலும் பாதிச் சுற்றுக்குத்தான் எட்டியது, ஒரு கால் விட்டுவிட்டால் மறு கால் பார்த்துக்கொண்டது, அதுவும் ஓடியது. நிற்பதற்குத்தான் வழியே இல்லை. பிரேக்கைப் பிடித்தால் வண்டி நிற்கும், நான் விழுவேன்.

இது காட்டு கேட்டில் தெரிய வந்தது. அங்கே ஒரு காவல்காரர் நோட்டில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் எல்லாம் காலை ஊன்றி மரியாதையாக நின்றார்கள். நான் அவரையும் அவர் நாற்காலியையும் பக்கத்து வேப்பமரத்தையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"இன்னாம்மா சுத்திக்கினே கீற? எறங்கு."

"எறங்க முடியாதுப்பா, கால் எட்டாது. நீ கேக்கறதக் கேளு, நான் ஒவ்வொரு சுத்து வரச்சொல்ல பதில் சொல்றேன்."

ஒரு சுற்றுக்குப் பெயரைக் கேட்டார், அடுத்த சுற்றுக்கு வயதைக் கேட்டார், அதற்கடுத்து, "இந்த வயசுல இது தேவையா, வூட்டுக்காரர் எங்க?" என்றார். "கல்லறைல" என்று சொல்லிவிட்டு மரத்துக்குப் பின்னால் போய்விட்டேன். திரும்பி வரும்போது அவர் நோட்டை மூடிவிட்டு எழுந்து கேட்டைத் திறந்து வைத்திருந்தார். "போம்மா. உள்ள மயில் கீது, பெல் அடிக்காத" என்றார்.

பெல் அடிக்காமல் எப்படிப் போவது, என்னால் நிற்கவே முடியாதே. செம்மண் பாதை, நடுநடுவே வேர், இரண்டு பக்கமும் முள்ளுப் புதர். ஒரு மயில் எனக்கு முன்னால் ஓட ஆரம்பித்தது. பறந்து தொலையலாம் அல்லது ஒதுங்கலாம், இரண்டும் செய்யாமல் தோகையைத் தூக்கிக்கொண்டு நடுப்பாதையிலேயே ஓடுகிறது, நான் பெல் அடித்துக்கொண்டே பின்னால் போகிறேன், எனக்குப் பின்னால் சுகுமார் "அக்கா பிரேக்கு, பிரேக்கு" என்று கத்திக்கொண்டு வருகிறார், அவருக்குப் பின்னால் பல் டாக்டர் அம்மா சிரிக்கிற சிரிப்பில் வண்டியை முள்ளுக்குள் விட்டுவிட்டார். ஒவ்வொரு வேரிலும் நான் சீட்டைவிட்டு எழும்பி எழும்பி உட்கார்ந்தேன். அப்போது ஒரு சத்தம் கேட்டது, யாரடா இப்படி இளிக்கிறது என்று பார்த்தால் நான்தான். அவர் போனதிலிருந்து அந்தச் சத்தம் என்னிடம் இருக்கிறதா என்றே எனக்குத் தெரியாது. கர்த்தர் மன்னிப்பாராக, நிறுத்தவும் தோன்றவில்லை.

மயில் ஒரு வழியாக ஒதுங்கிய இடத்தில் ஏரிக்குப் போகும் இறக்கம். இறக்கத்தின் முடிவில் கரையில் குமரவேலும் வினிதாவும் கல்யாணத்துக்கு முன்னால் எடுக்கிற போட்டோவுக்காகக் கையைப் பிடித்துக்கொண்டு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் தண்ணீர். நான் என்ன செய்வேன். "தம்பி, புடிப்பா" என்று கத்தினேன். நல்ல வளர்ப்பு அண்ணா, அந்தப் பிள்ளை கட்டிக்கப் போகிறவள் கையை உதறிவிட்டு என்னைப் பிடித்தான். சைக்கிள் தனியாகப் போய் ஏரியில் இறங்கி, ஹேண்டில் மட்டும் தெரிய நின்றது.

"யாரு இவங்க?" என்று கேட்டது அந்தப் பெண்.

"தெர்ல வினி. மேலேர்ந்து வந்தாங்க."

போட்டோக்காரன் மட்டும், "அப்படியே இருங்க, விட்றாதீங்க. ஆன்ட்டி, இங்க பாருங்க, கொஞ்சம் சிரிங்க" என்றான். அதற்கென்ன, நான்தான் மயிலிலிருந்தே சிரித்துக்கொண்டு வருகிறேனே.

கீழே இறக்கிவிட்ட பிறகு, சுகுமார் தண்ணீரில் இறங்கிச் சைக்கிளை இழுத்து வரும்போது, நான் கரையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். வினிதா கவுனைச் சுருட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தது. டீயை விட்டிருந்தேன் அண்ணா, உங்களுக்கும் தெரியும். அன்றைக்குக் குடித்தேன். சர்க்கரை அதிகம்.

இவ்வளவுதான் நடந்தது. இனி உங்கள் விஷயம். சைக்கிளை ஜெஃப்ரிக்குக் கொடு, காட்டாங்குளத்தூர் காலேஜுக்கு ஓட்டிப் போவான் என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் நான் பேச்சை மாற்றினேன். இப்போது யோசித்துப் பார்த்தேன். ஜெஃப்ரி மாமா மாதிரியே நெட்டை, சீட்டில் யாரும் கை வைக்க வேண்டியதில்லை, அவர் உயரம் அப்படியே இருக்கும். எனக்கும் இந்த ஆட்டம் போதும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பிள்ளையை அழைத்துக்கொண்டு வந்து எடுத்துப் போங்கள். மீன் குழம்பு வைக்கிறேன். இது என் முடிவு, மாற மாட்டேன்.

உங்கள் எல்லாரையும் கர்த்தர் தம்முடைய உள்ளங்கையில் வைத்துக் காக்கட்டும், என்னைக் குமரவேல் பிடித்ததைவிடப் பத்திரமாக. அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள், ஜெஃப்ரிக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை,
சரோஜினி

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து ஃபிரிட்ஜ் மேல் வைத்திருந்தேன், தபாலில் போடுவதற்குள் வினிதா அந்தப் போட்டோவை பிரேம் போட்டுக்கொண்டு வந்து பத்திரிகையும் வைத்துவிட்டுப் போனது. அதை எங்கள் கல்யாணப் போட்டோ பக்கத்தில் மாட்டினேன். இரண்டிலும் என் கால் தரையில் இல்லை. உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா, அந்தப் போட்டோவில் நான் அவரைவிட உயரமாக விழுந்துவிட்டேன் என்று ஸ்டூடியோக்காரனோடு சண்டை போட்டீர்கள். அவன் மேல் தப்பில்லை. நீங்கள் செங்கல் வைத்தது அவருக்குத் தெரியாது, எனக்காக அவர் பேண்ட்டுக்குள் முழங்காலை மடக்கிக்கொண்டு நின்றார். ராத்திரி என்னிடம் சொல்லிச் சிரித்தார். இன்றைக்கு அதைப் பார்த்துவிட்டு வந்து அந்த லீவரைத் தள்ளினேன். நான் அழுத்தக்கூட இல்லை அண்ணா, சீட் மெதுவாகத் தானே இறங்கி என் இடுப்புக்கு வந்து நின்றது, அவர் மடக்கின மாதிரியே. ஏறி உட்கார்ந்தேன், இரண்டு காலும் தரையில் இருக்கிறது. ஆகவே ஜெஃப்ரியை அனுப்ப வேண்டாம், அவனுக்கு முட்டி இடிக்கும். நீங்கள் மட்டும் வாங்கள், மீன் குழம்பு உண்டு. சனிக்கிழமை வராதீர்கள், வீட்டில் இருக்க மாட்டேன்.