டொக்கின் பானை ஸ்பீக்கர்

வீட்டுக்காரரே, டொக்கைத் துரத்தியது நீங்கள். சத்தம்தான் காரணம் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். பொய்.

செங்கல்பட்டு முழுக்கச் சல்லடை போட்டாலும் டொக்கைப் போல ஒரு கிறுக்கன் கிடைக்க மாட்டான். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் கடைசி. கார் எலக்ட்ரீஷியன். மகாபலிபுரம் ஓட்டல் கார்களில் உப்புக்காற்று அரித்ததால் கழற்றிப் போட்ட ஸ்டீரியோ ஸ்பீக்கர்களைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் கொண்டுவருவான். வாசலில் உட்கார்ந்து டார்ச் செல்லில் இரண்டு ஒயரைப் பிடித்து ஒவ்வொன்றாகத் தொடுவான். 'டொக்' என்றால் உயிர் இருக்கிறது; அவனுக்கு அந்தப் பெயர் வந்ததும் அதனால்தான். சத்தமே வராவிட்டால், எழவு வீட்டுக்குப் போனவன் மாதிரி ஒரு நிமிடம் தலை குனிவான்.

காய்ச்சலுக்குப் பிறகு அவன் மனைவிக்குக் காது போய்க்கொண்டிருந்தது. முழுசாகப் போவதற்குள் அவளுக்குக் கேட்கிற மாதிரி ஒரு ஸ்பீக்கர் செய்துவிட வேண்டும். தெருவுக்கே தெரியும். உங்களுக்கும் தெரியும்.

மண்பானை வாயில் ஸ்பீக்கரைப் பொருத்தினால் முழங்கும். அதனால் தெருப் பானைகளுக்கெல்லாம் ஆபத்து.

"இன்னா அண்ணாத்த, அடில ஓட்ட போட்டு வச்சிகீற? தண்ணி ஊத்துனா ஒழுவுது!" என்றாள் பக்கத்துப் போர்ஷன் அக்கா.

"ஒயர் போவணும்ல? பாட்டு ஊத்திப் பாருக்கா, ஒரு சொட்டு ஒழுவாது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பானையை ரேடியோவில் மாட்டினான். சத்தம் சப்பென்று இருந்தது. செல்லை வைத்துப் பார்த்தான். "ஒண்ணு தள்ளுது, ஒண்ணு இழுக்குது. புருசன் பொண்டாட்டி மாதிரி கீது!" ஒரு பானையின் ஒயரை மாற்றிக் கொடுத்தான். பானைகள் முழங்கிய முழக்கத்தில் என் போர்ஷனில் பீங்கான் தட்டு அலமாரியிலிருந்து விழுந்து உடைந்தது.

அவன் மனைவி கத்தினாள். "யோவ், மேளம்யா! மேளம் கேக்குதுய்யா!" சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள்.

அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் நீங்கள் மாடியிலிருந்து இறங்கி வந்தீர்கள். "செவிட்டுப் பொம்பளைக்கு எதுக்குடா ரேடியோ?"

"இப்ப கேட்டுச்சு நைனா. நீயே அவளைக் கேட்டுப் பாரு."

கேட்டீர்களா? மறுநாளே அவனைக் காலி பண்ணச் சொல்லி எழுதி, எங்களிடம் ஒரு பேப்பர் நீட்டினீர்கள். எல்லாப் போர்ஷனும் கையெழுத்துப் போட்டது. தட்டு உடைந்த கோபத்தில் நானும் போட்டேன்.

செய்யூரில் சொந்தக்காரர் வீட்டு மூலையில் மூன்று மாதம் கிடந்தார்கள். பானை வைக்க இடமில்லை. தனி வீடு கிடைத்தபோது அவள் காது முழுசாகப் போயிருந்தது. நான் போய்ப் பார்த்தேன். அவன் ஸ்பீக்கர் ஒயரைச் செல்லில் தொட்டான். டொக். அவள் ஸ்பீக்கரின் அதிரும் காகிதக் கூம்பில் உள்ளங்கையை வைத்து, "கேக்குதுய்யா" என்று அவனுக்காகப் பொய் சொன்னாள்.

நான் கையெழுத்துப் போட்டதை இந்தப் பத்திரிகையில் ஒப்புக்கொண்டேன். நீங்களும் இதிலேயே எழுதுங்கள், ஊர் படிக்கட்டும்: அந்த ஞாயிற்றுக்கிழமை அந்தம்மா சிரித்தது உங்கள் மாடிக்குக் கேட்டதா, இல்லையா?