பதினோராவது படிவம்

துறைத் தலைவருக்குக் கோபம் எப்போதும் மூக்கின் நுனியில்தான். திங்கட்கிழமை காலை அது அங்கிருந்து இறங்கி அறை முழுக்க நடமாடியது.

காரணம், மேசைமேல் கிடந்த முதுகலை மாணவர்களின் கருத்துத் தொகுப்பு. வெள்ளிக்கிழமை வரும் மதிப்பீட்டுக் குழுவுக்காக எழுத்தர் அம்மா தட்டச்சு செய்தது. பதினோரு பேரில் பத்துப் பேர் 'நன்று' என்றிருந்தார்கள். பதினோராவது இப்படி இருந்தது:

"ஆசிரியர் பழுப்பேறிய நோட்டைப் பார்த்து வாசிக்கிறார். சந்தேகம் கேட்டால் தேர்வுக்கு வராது என்கிறார். நாங்கள் படிக்க வந்தோமா, நகலெடுக்க வந்தோமா?"

நன்றி கெட்ட ஜென்மங்கள்! அந்த நோட்டு அவருடைய ஆசிரியர் ஓய்வு பெற்றபோது கையில் கொடுத்துவிட்டுப் போனது. இதே வகுப்பில் படித்து, இதே நாற்காலிக்கு வந்தவர் அவர்.

படிவம் கொடுக்க வகுப்பில் அரைமணி நேரம் வேண்டுமென்று எழுத்தர் அம்மா மூன்று தடவை வந்து நின்றதும், பாடம் கெடுகிறதென்று அவர் விரட்டியதும் நினைவுக்கு வந்தன. எப்படியோ வாங்கிவிட்டார் போலிருக்கிறது. யார் எழுதியது என்று கேட்டால், பெயரைச் சொல்லக்கூடாது, விதி என்றார். கிழித்துப்போடலாமென்றால் தொகுப்பின் பிரதி குழுவுக்குப் போய்விட்டது.

நேரே வகுப்புக்குப் போனார். "உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சே ஆகணும். யாரு அது?"

பதினோரு தலைகளும் குனிந்தன. சரி, ஆளைப் பிடிக்க வழியா இல்லை? படிப்பை எப்படி மேம்படுத்தலாமென்று ஆளுக்கொரு பக்கம் எழுதச் சொன்னார். இருப்பதிலேயே கெட்டிக்காரியான முன்பெஞ்சுப் பெண் அதை நிஜமென்று நம்பி நாலு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டாள். அகப்பட்டாள்! எல்லார் முன்னாலும் அவளை நிற்க வைத்து அரைமணி நேரம் திட்டித் தீர்த்தார்.

"அதை நான் எழுதலை சார்," என்றாள் அவள். "ஆனா எழுதியிருக்கணும்."

புதன்கிழமை சான்றிதழ்களை வாங்கிக்கொண்டு வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டாள். மிச்சம் பத்து. பத்துக்குக் கீழே போனால் அந்தப் படிப்பையே இழுத்து மூடிவிடுவார்கள். அது அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கோபத்துக்குக் கணக்கு வராது.

பின்பெஞ்சுக்காரன் ஒருவன் அவளுக்காகப் பரிந்து பேச வந்தான். ஆய்வேட்டில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார். வியாழக்கிழமை அவனும் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினான். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான்.

வெள்ளிக்கிழமை குழுத் தலைவி வகுப்பில் தலைகளை எண்ணினார். ஒன்பது. அடுத்த வருடம் சேர்க்கை கிடையாது என்று எழுதிவிட்டு, தொகுப்பைப் புரட்டிப் பதினோராவதில் விரலை வைத்தார்.

"இந்த ஒரு ஆள் சொன்னதைக் கேட்டிருந்தா இந்தப் படிப்பு பிழைச்சிருக்கும்."

துறைத் தலைவர் அலுவலகத்துக்குள் புயலாக நுழைந்தார். விதியாவது ஒன்றாவது.

"அந்தப் படிவத்தை எடும்மா. என் படிப்புக்கு உலை வச்சவன் யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

எழுத்தர் அம்மா அலமாரியிலிருந்து ஒரு பழைய கட்டை எடுத்து, தூசியைத் தட்டி, ஒரு தாளை உருவி அவர் முன்னால் வைத்தார்.

"நீங்கதான் வகுப்பில நேரமே தரலையே, அதனால பழைய கட்டுல இருந்து பதினொண்ணு எடுத்து வருஷத்தை மட்டும் மாத்தினேன், கீழே பாருங்க சார், நீங்க இங்க படிச்சப்போ போட்ட கையெழுத்துதான்."